ஒரே கட்டத்தில் இரண்டு எழுத்து

கணினி முனையத்தில் நடந்தவற்றைப் பதிவுசெய்த உரைக்கோப்பில் எழுத்துகளோடு, உருவம் பெறாத கட்டுப்பாட்டுக் குறிகளும் கலந்திருக்கும். ஆஸ்கி அட்டவணையின் 8ஆம் எண் கர்சரை ஓரிடம் பின்னே நகர்த்தும், 13ஆம் எண் வரியின் தொடக்கத்துக்குத் திருப்பும், 27ஆம் எண்ணோ அடுத்து வருவது எழுத்தன்று, ஆணை என்று அறிவிக்கும்.

தாளில் அச்சிடும் டெலிடைப் முனையங்களின் காலத்தில், பின்னகர்ந்து அதே இடத்தில் அதே எழுத்தை மீண்டும் அடித்தால் அது தாளில் தடித்துத் தெரிந்தது. யூனிக்ஸ் கையேட்டுப் பக்கங்கள் இவ்வழக்கத்தை (தாள் போன பின்னும்) சுவீகரித்துக்கொண்டதால், 'நேம்' என்னும் ஆங்கிலத் தலைப்பு கோப்பில் என், 8, என், ஏ, 8, ஏ என நீளும். இதை வெற்றுரையாக மாற்றும்போது குறிகளை வெறுமனே நீக்கினால் ஒவ்வோர் எழுத்தும் இரட்டித்து எஞ்சுமாதலால், வரியைக் கட்டத்தாளாகக் கொண்டு, கர்சரின் நகர்வை மீள நிகழ்த்தி, ஒவ்வொரு கட்டத்திலும் கடைசியாக விழுந்த எழுத்தை மட்டும் எழுதுவதே முறையான மாற்றமாகும்.