பொய் சொல்லும் சிவப்பு விளக்கு

அடையாறிலும் மாம்பலத்திலும் கார் வச்சிருக்கிற நண்பர்கள், டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தால் நேரே சர்வீஸுக்கு விட்டுடுவீங்க. மன்னார்குடிப் பக்கம் எங்க வயல்ல இறங்கியிருக்கிற அறுப்பு மெஷினுக்கு அந்த வசதி கிடையாது. தை மாசம், சம்பா முற்றிச் சாயற நேரம், மேகம் வேற கட்டுது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா கொள்முதல் நிலையத்துல நெல்லை எடுக்க யோசிப்பாங்க (சில வருஷம் அரசு தளர்த்தும், அது தனிக் கதை). அந்த நேரத்துல மெஷின் கீ கீன்னு கத்த ஆரம்பிச்சா டிரைவர் என்ன செய்வார்? பஸ்ஸர் ஒயரை வெட்டி விட்டுருவார்.

நான் பார்த்த பழைய வண்டிகள் பலதிலும் அந்த ஒயர் வெட்டித்தான் கிடக்கு. டிரைவரைக் குத்தம் சொல்ல மனசு வரலை. நாள் முழுக்கப் பொய் சொல்ற விளக்கை யார் நம்புவாங்க? ஆனா அது நிஜம் சொல்ற நாளும் ஒண்ணு வரும். ஆயில் விளக்கு சொன்னதைக் கேக்காம ஓட்டினா இன்ஜின் சீஸ் ஆயிடும். சீசன் சம்பாத்தியம் அதோட போச்சு.

நானும் பெரியப்பா மகனும் பங்குல வாங்கினது ஒரு பழைய செயின் வண்டி. அதுல ஆயில் விளக்கு எரிஞ்சா உடனே இன்ஜினை நிறுத்தி, குச்சியை எடுத்து மட்டம் பார்ப்போம். மட்டம் சரியா இருந்தா, பிரஷர் சுவிட்ச்ல இருக்கிற ஒத்தை ஒயரைக் கழட்டிட்டு, ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் போடுவோம். அப்பவும் எரிஞ்சா ஒயர் எங்கேயோ பாடியைத் தொடுதுன்னு அர்த்தம். பெரும்பாலும் எலி வேலை. அணைஞ்சுட்டா சுவிட்ச் போயிருக்கலாம், நிஜமாவே பிரஷர் இல்லாமலும் இருக்கலாம். மெக்கானிக் வந்து மீட்டர் மாட்டிப் பார்க்கிற வரைக்கும் வண்டி நகராது. எல்லா விளக்கும் சேர்ந்து மினுக்கினா மட்டும் முதல்ல எர்த் ஒயரைத்தான் தேய்ச்சு மாட்டுவோம்.

இந்தத் தடவை கத்தினது எலிவேட்டர் சென்சார். நெல்லைத் தொட்டிக்கு ஏத்துற எலிவேட்டர் அடைச்சு நின்னா, மேலே உக்காந்திருக்கிற டிரைவருக்குத் தெரியாது. தண்டு சுத்துதான்னு பார்த்துச் சொல்றதுதான் அதோட வேலை. சேறு துடைச்சாச்சு, இடைவெளியைச் சரி பண்ணியாச்சு, கத்தல் நிக்கலை. 12 வோல்ட் வருது. ஆனா முகத்துக்கிட்ட ஸ்க்ரூ டிரைவரைக் காட்டினா பின்னாடி எரிய வேண்டிய குட்டி விளக்கு எரியலை. ஆள் அவுட்.

கம்பெனி பார்ட் வர ஒரு வாரமாகும்னாங்க. சென்சாரைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு மன்னை எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டேன். மயிலாப்பூர்ல தங்கச்சி வீட்டுல குளியல், காபி. “மச்சான், ஆன்லைன்ல போட்டா நாளைக்கே வருமே?”ன்னார் மாப்பிள்ளை. வரும். எதுன்னு கேட்டுப் போடறது?

மவுண்ட் ரோடு பக்கத்துல ரிச்சி தெரு. கடைப் பையன் எடுத்த எடுப்புல, “அண்ணே, பி.என்.பி.யா, என்.பி.என்.னா?” பழைய சென்சார் மேல இருந்த எழுத்தைத் துடைச்சுப் படிச்சு அவனே கண்டுபிடிச்சான். பழுப்பு பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு சிக்னல்னு சொல்லி, பேட்டரியில மாட்டி ஸ்க்ரூ டிரைவரைக் காட்டினான். விளக்கு பளிச். ரெண்டு வாங்கிட்டேன்.

ஊர்ல சென்சார் இல்லாத அந்த ஒண்ணரை நாளும் ஒரு ஆளைத் தள்ளி நிக்கவச்சு, எலிவேட்டரையே பார்த்துக்கிட்டிருக்கச் சொல்லித்தான் அறுப்பு நடந்துச்சு. அவருக்கும் கூலி உண்டுல்ல?

புதுசை மாட்டின அன்னைக்கு சாயங்காலமே பஸ்ஸர் மறுபடி கத்துச்சு. டிரைவர் கை தானா ஒயர்கிட்ட போச்சு. “இருங்கண்ணே”ன்னேன். இன்ஜினை அணைச்சு அடி மூடியைத் திறந்தா, ஈர வைக்கோல் கெட்டியா அடைச்சிருந்துச்சு. அதைப் பிடுங்கிப் போட்டுட்டு, இருட்டறதுக்குள்ள மிச்சம் மூணு மாவையும் அறுத்து முடிச்சோம்.