வைத்தியர் கேளாத கேள்வி

நோயாளராகவும் நோயாளருக்குத் துணையாகவும் அரசாங்க வைத்தியசாலை வாங்குகளில் நாம் பல காலைப் பொழுதுகளைக் கழித்ததுண்டு. நீரிழிவுக்காரரிடம் சீனியின் அளவைக் கேட்பார்கள், பாதத்தில் புண் உண்டா என்று பார்ப்பார்கள், கண்ணையும் சோதிப்பார்கள். தாம்பத்திய வாழ்வில் இடர் உண்டா என்று கேட்ட வைத்தியரை மட்டும் நாம் கண்டதில்லை.

நீரிழிவு நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுக்கும்போது ஆண்மைக் குறைவும் உண்டாகலாம். சிலரிடத்தில் அது இருதய நோயின் முன்னறிகுறியுமாகும். இதைக் கேளாது விடுதல் நாகரிகமன்று. சிகிச்சையின் ஒரு பகுதியைக் கைவிடுதலேயாகும்.

இளம் வைத்தியரைப் பழிப்பது எமது நோக்கமன்று. கற்பிக்கப்படாததை அவர் எங்ஙனம் செய்வார்? பாலியல் பற்றிச் சுகாதார ஊழியரைப் பயிற்றுவிக்க வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 1975இலேயே அறிக்கை வெளியிட்டது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடென 2019இல் அதே ஸ்தாபனம் இலங்கையை அங்கீகரித்தது. இது பெருமைக்குரிய சாதனையே. ஆனால், பாலியல் நலம் தொற்றுநோயோடு முடிந்துவிடுவதில்லை. கருப்பை அகற்றப்பட்ட பெண்ணும், மாரடைப்பிலிருந்து மீண்ட ஆணும் தம் அச்சங்களை யாரிடம் சொல்வது?

இங்கே மொழியும் தடையாகிறது. வைத்தியர் கற்ற சொல் ஆங்கிலம். நோயாளி அறிந்த சொற்களோ சபையில் சொல்லக் கூசுபவை. 'வெள்ளைபடுதல்' என்பதற்கு அப்பால் பல தாய்மாருக்கு வாய் எழுவதில்லை. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1857இல் மகப்பேற்று நூலொன்றைத் தமிழில் தந்தார். அந்த வழியில் நாம் தொடர்ந்து நடந்தோமில்லை.

இந்த மௌனத்தின் விலையை ஏழையே செலுத்துகிறான். பணமுள்ளவன் தனியார் நிபுணரை நாடுகிறான்; இல்லாதவன் லேகிய விளம்பரத்தை நம்பி உள்ள காசையும் இழக்கிறான்.

எனவே, பொது மருத்துவமோ, அறுவைச் சிகிச்சையோ, மகப்பேறோ, எத்துறையில் பட்டப்பின் பயிற்சி பெறுபவராயினும், நாடி பார்க்கப் பழகுவது போல இக்கேள்வியைக் கேட்கவும் பழக வேண்டும். மறைவான ஓரிடம், பிறர் காதில் விழாத குரல், பிறகு ஒரு வாக்கியம்: "இந்த வருத்தம் உள்ள பலருக்குத் தாம்பத்தியத்திலும் சங்கடம் வருவதுண்டு, உங்களுக்கும் அப்படி ஏதும் இருக்கிறதா?" மூத்த வைத்தியர் நோயாளியின் அருகிருந்து கேட்டுக் காட்டினால் இளையவர் கற்றுக்கொள்வார். இதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. வேண்டுவது, நோயாளியை முழு மனிதனாக மதிக்கும் கல்வியே.