நடுவில் இடைவெளி விழுந்தால் மார்க் போகும்!

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பின் பெயர் 'ரியோ போறோம்'. டிப்ளமோ படித்தபோது ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்த ஐந்து பேர்தான் அதில் இருக்கிறோம். இப்போது ஆளுக்கொரு ஊர். துபாய், பெங்களூரு, மதுரை, திருச்சி... நான் சென்னை.

பரீட்சைக்கு முந்தைய இரவு, படிக்காமல் மொபைலில் பிரேசில் கார்னிவல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். "வாழ்க்கைல ஒரு தடவை இதை நேர்ல பார்த்துடணும்டி" என்று முதலில் சொன்னவள் திருச்சிக்காரி. குரூப்பை விட்டு முதலில் வெளியேறியவளும் அவள்தான். அதற்குக் காரணம் நான் போட்ட எக்ஸெல் ஷீட்.

2027 பிப்ரவரி கார்னிவலுக்குப் போவதாகத் திட்டம். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால், தகவல் திரட்டும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நானும் ஆசையாக உட்கார்ந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி அது?" என்றார். "சம்பாம்மா" என்றேன். "எந்தக் கடையில அரிசி வாங்கப்போறே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கார்னிவல் தேதி வருடா வருடம் மாறும். ஈஸ்டருக்கு 47 நாள் முன்னால் வரும் செவ்வாய்தான் கணக்கு. ரியோவில் பெரிய அணிவகுப்பு நடக்கும் இடத்தின் பெயர் சம்பாட்ரோம். ஆஸ்கர் நீமையர் வடிவமைத்து 1984-ல் திறந்தார்கள். சுமார் 700 மீட்டர் நீளத் தெரு, இரண்டு பக்கமும் கேலரி. முதல் பிரிவில் 12 சம்பா பள்ளிகள். 2025-லிருந்து ஞாயிறு, திங்கள், செவ்வாய் என மூன்று இரவுகள், இரவுக்கு நான்கு பள்ளிகள். பள்ளி என்றால் பாடம் நடத்தும் இடமில்லை. ஒரு பேட்டையின் ஜனங்கள் சேர்ந்து நடத்தும் மன்றம் மாதிரி. வருடம் முழுக்க ஒரே ஒரு இரவுக்காக உழைப்பார்கள்.

இதையெல்லாம் குரூப்பில் போடப் போட, ஆசையும் ஏறியது, பட்ஜெட்டும் ஏறியது. "செக்டர் 9-ல எடுத்துடலாம், அங்கதான் நம்பர் போட்ட சீட்" என்றாள் துபாய்க்காரி. "ஹோட்டல் கோபகபானா பீச் பக்கத்துலதான்" என்றாள் பெங்களூர்க்காரி. காசு கொடுத்து உடை வாங்கினால் வெளிநாட்டுக்காரர்களும் அணிவகுப்பில் நடக்கலாம் என்று நான் ஒரு குண்டைப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஓட்டெடுப்பு. தலைக்கு மூன்று லட்சம் தாண்டியது. 'முதல் தவணை 15-ம் தேதிக்குள்' என்று சிவப்பு எழுத்தில் போட்டேன்.

14-ம் தேதி இரவு திருச்சிக்காரியிடமிருந்து மெசேஜ். "லீவு கிடைக்காதுடி. நீங்க போயிட்டு வாங்க."

"காசுதான் பிரச்னைன்னா அவளுக்கு நான் போட்டுடறேன்" என்று துபாய்க்காரி குரூப்பிலேயே எழுதினாள். நல்ல மனசோடு சொன்னதுதான். அடுத்த நிமிடம் திருச்சிக்காரி வெளியேறிவிட்டாள்.

ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது சொன்னாள்: "சீட்டு எங்க, ஹோட்டல் எங்கன்னு பத்து ஓட்டு கேட்டே. உன்னால எவ்வளவு முடியும்னு ஒரு தடவை கேட்டியாடி? அப்பா வாங்கின கடனை நான்தான் கட்டிட்டிருக்கேன். டிசம்பர்லதான் முடியும். அதை நாலு பேர் நடுவுல எப்படிச் சொல்றது?"

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று வருடம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். அவள் சம்பளம் என்ன, சுமை என்ன என்று எனக்குத் தெரியாது. ரியோவில் எந்த செக்டர் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அந்த வாரம்தான் அணிவகுப்புக்கு எப்படி மார்க் போடுகிறார்கள் என்று படித்தேன். தாளம், பாட்டு, உடை, அலங்கார ஊர்தி என்று ஒன்பது அம்சங்கள். அதில் ஒன்று, ஊர்வலம் நகரும் விதம். இரண்டாயிரம் பேருக்கும் மேல் ஆடிக்கொண்டு போகும்போது, முன்னால் இருப்பவர்கள் வேகமாகப் போய் நடுவில் இடைவெளி விழுந்தால் மார்க் போகும். 80 நிமிடத்துக்குள் கடைசி ஆளும் தெருவைத் தாண்டியாக வேண்டும். புள்ளி ஒரு மார்க்கில்கூட சாம்பியன் பட்டம் கைநழுவும். இன்னொன்றும் தெரிந்தது. வெளியாட்கள் காசு கொடுத்து வாங்கும் உடையை, தவறாமல் ஒத்திகைக்கு வரும் பேட்டைக்காரர்களுக்கு பள்ளியே இலவசமாகக் கொடுக்கிறது. காசு இல்லை என்பதற்காக சொந்த ஆளைத் தெருவோரம் நிறுத்திவிட்டு அவர்கள் கிளம்புவதில்லை.

நாங்கள் அதைத்தான் செய்திருந்தோம். ஷீட்டை அழித்தேன்.

புதிதாகப் போட்டபோது முதல் கட்டத்தில் ஒரே கேள்வி: மாதம் எவ்வளவு முடியும்? பதிலைக் குரூப்பில் வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்பச் சொன்னேன். எல்லோரையும்விடக் குறைந்த தொகை எதுவோ, அதை வைத்தே மொத்தத் திட்டமும். அது யாருடையது என்று யாருக்கும் சொல்லவில்லை. கணக்கு 2027-க்கு எட்டவில்லை. 2028-க்கு எட்டியது. காலண்டரைப் பார்த்தால், அந்த வருடக் கார்னிவல் செவ்வாய் பிப்ரவரி 29!

செக்டர் 9 போனது. சம்பாட்ரோமில் ஒரே ஓர் இரவு, அதுவும் கடைசிக் கோடியில் விலை குறைந்த 12, 13-ம் செக்டர். மற்ற நாள்களுக்குத் தெருவே போதும். 'ப்ளோகோ' எனும் தெருக் கொண்டாட்டங்களுக்கு டிக்கெட் கிடையாது. 1918-ல் தொடங்கிய 'போலா ப்ரெட்டா' சனிக்கிழமை காலை நகரின் மையத்தில் நடக்கும். வெள்ளைத் துணியில் கறுப்புப் புள்ளி போட்ட உடைதான் அதன் அடையாளம். ரங்கநாதன் தெருவில் ஐந்து செட் எடுத்துவிடலாம். கார்னிவலுக்கு முந்தைய வாரக் கடைசிகளில் சம்பாட்ரோமிலேயே பள்ளிகளின் ஒத்திகை நடக்கும், அதுவும் இலவசம். விடுமுறை கிடைத்தால் முன்னாலேயே போக வேண்டும்.

நேரடி விமானம் இல்லை, விசா கட்டாயம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

புதிய ஷீட்டைத் திருச்சிக்காரிக்குத் தனியாக அனுப்பினேன். "கோபம் இருந்தா திட்டு. ஆனா பார்த்துட்டுத் திட்டு." இரண்டு நாள் நீல டிக் மட்டும். மூன்றாம் நாள், "ஒத்துக்கறேன். ஆனா எனக்காக யாரும் பத்து பைசா போடக் கூடாது" என்றாள். மறுபடி குரூப்பில் சேர்த்தேன். துபாய்க்காரி, "ஸாரிடி" என்று ஒற்றை வார்த்தை எழுதினாள். அவள், "விடுடி" என்றாள்.

போன வாரம் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போட்டுக்கொண்டு, புத்தம் புது பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் மடியில் வைத்து எடுத்த போட்டோ.

கீழே எழுதியிருந்தாள்: "நான் ரெடி. நீங்கள்லாம் எப்போ போடப் போறீங்க?"

நாங்கள் நான்கு பேரும் இன்னும் போடவில்லை.