ஓர் அங்குலம் என்னும் வாக்குறுதி

அமெரிக்க ஆங்கிலத்தில் ‘வார்மின்ட்’ என்றொரு சொல் உண்டு. பயிரையும் மேய்ச்சலையும் கோழிக்கூட்டையும் கெடுப்பவை எனக் கருதப்படும் விலங்குகளுக்கெல்லாம் அது பொதுப்பெயர். ‘வெர்மின்’ என்பதன் நாட்டுப்புறத் திரிபு. அதற்கும் மூலம் இலத்தீனில் புழுவைக் குறிக்கும் ‘வெர்மிஸ்’. உயிரொலி திரிந்து, ஈற்றில் ஒரு டகரமும் ஒட்டிக்கொண்டு ‘வார்மின்ட்’ ஆயிற்று. புழுவில் தொடங்கிய சொல்லுக்குள் நரியும் கொயோட்டியும் பிரெய்ரி நாயும் வந்து சேர்ந்துவிட்டன. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் ‘வெர்மின்’ என்ற சொல் இடம்பெற்றுள்ளது. 2015இல் பீகாரின் நீல்காய்களும் காட்டுப்பன்றிகளும் சில காலத்துக்கு அப்பெயரைப் பெற்றன. எந்த விலங்கும் பிறப்பால் இப்பெயருக்கு உரியதன்று. மனிதர் தம் வயலின் விளிம்பில் நின்று வழங்கும் தீர்ப்பு அது.

அத்தீர்ப்பை நிறைவேற்றுவதற்கென்றே அமெரிக்காவில் ஒரு துப்பாக்கி வகை விற்பனையாகிறது. மான் வேட்டைத் துப்பாக்கியைத் தோளில் சுமந்து மலையேற வேண்டும். ஆதலின் அதன் குழல் மெலிந்தது. வார்மின்ட் துப்பாக்கியோ ஓரிடத்தில் முட்டுக் கொடுத்து வைத்து, ஒரே பிற்பகலில் நூற்றுக்கணக்கான தோட்டாக்களைச் சுடுவதற்கானது. அதன் குழல் தடித்தது. பெரும்பாலும் 24 அல்லது 26 அங்குல நீளமுடையது. தடித்த குழல் மெதுவாகச் சூடேறும். சூட்டினால் குறி நகர்வதும் குறையும். குண்டு சிறியது, விரைவு மிகுந்தது. 1935இல் வின்செஸ்டர் நிறுவனம் வெளியிட்ட .220 ஸ்விஃப்ட், நொடிக்கு 4000 அடி வேகத்தைக் கடந்த முதல் தொழிற்சாலைத் தோட்டா எனப் புகழ்பெற்றது. பல்லாண்டுகள் ஆர்வலர்களின் பட்டறைகளில் உருவாகி வந்த .22-250 தோட்டாவை 1965இல் ரெமிங்டன் நிறுவனம் தன் பெயரால் ஏற்றுக்கொண்டது. விரைவு மிகுந்தால் குண்டின் பாதை நேராகும். தொலைவைத் தவறாக மதிப்பிட்டாலும் பிழை சிறுக்கும்.

இத்தகைய துப்பாக்கியை வாங்குபவர் கேட்கும் முதற்கேள்வி, அது எவ்வளவு துல்லியமாகச் சுடும் என்பதே. விடை ‘எம்.ஓ.ஏ.’ என்ற மூன்றெழுத்தில் வரும். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அது. தமிழ் வானநூல் மரபில் ‘கலை’ எனப்படும் அளவு. 100 கஜத் தொலைவில் ஒரு கலை 1.047 அங்குலம், பேச்சு வழக்கில் ஓர் அங்குலம். வெதர்பி நிறுவனம் நெடுங்காலம், 100 கஜத்தில் மூன்று குண்டுகள் ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்கும் என உறுதியளித்து வந்தது. பின்னர் அதை ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் கீழே இறக்கிற்று. பின்லாந்தின் டிக்கா நிறுவனமும் மூன்று குண்டுகளுக்கு ஒரு கலை என்றே உறுதி கூறுகிறது. இன்று ஓர் அங்குலம் என்பது தொழிற்சாலையில் வரிசையாக வார்த்தெடுக்கப்படும் துப்பாக்கியின் இயல்பான வாக்குறுதி. வார்மின்ட் வகையில் அரை அங்குலத்தை எதிர்பார்ப்போரும் பலர்.

அந்த ஓர் அங்குலம் எதனுடைய அளவு என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது. ஒரே குறியை நோக்கி மூன்று குண்டுகளைச் சுட்டால் தாளில் மூன்று துளைகள் விழும். அக்கொத்தில் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவிலுள்ள இரு துளைகளின் இடைவெளியே அந்த அளவு. கொத்து குறிக்கு மேலே விழுந்ததா, இடப்புறம் விழுந்ததா என்பது இதில் சேராது. அதைத் தொலைநோக்கியின் திருகுகளைச் சில சொடுக்குகள் திருப்பிச் சரிசெய்துவிடலாம். சிதறலைத் திருப்பிச் சரிசெய்யத் திருகு இல்லை. ‘துல்லியம்’ என்ற சொல்லின் மூலமான வடமொழித் ‘துல்ய’ என்பதற்கு ஒத்தது, சமமானது என்றே பொருள். துலாக்கோலுக்கு உறவான சொல். ஒவ்வொரு குண்டும் முந்தைய குண்டை எவ்வளவு ஒத்துச் செல்கிறது என்பதுதான் வாங்குபவருக்கு உண்மையில் வேண்டிய செய்தி. அந்த வகையில் தமிழ்ச்சொல் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது.

ஒப்புமையை மூன்று துளைகளால் அறிந்துவிட முடியுமா? அமெரிக்கப் படையின் எறிபொருளியல் ஆய்வகத்தில் பணியாற்றிய புள்ளியியலர் ஃபிராங்க் கிரப்ஸ், 1964இல் துப்பாக்கி வீரர்களுக்காகவும் ஏவுகணைப் பொறியாளர்களுக்காகவும் இப்பொருள் பற்றிச் சிறுநூலொன்று எழுதினார். இத்துறையின் கணக்கு எளிது, ஆனால் இரக்கமற்றது. எதுவும் மாறாத நிலையிலும், சுடும் எண்ணிக்கை கூடக்கூடக் கொத்து அகலும். மூன்று குண்டுகளில் சராசரியாக ஓர் அங்குலம் காட்டும் துப்பாக்கி, ஐந்து குண்டுகளில் ஏறத்தாழ 1.27 அங்குலமும், பத்துக் குண்டுகளில் ஏறத்தாழ 1.58 அங்குலமும் காட்டும். துப்பாக்கி கெட்டுவிடவில்லை, அதன் இயல்பு மேலும் வெளிப்பட்டிருக்கிறது, அவ்வளவே. மேலும், மூன்று குண்டுக் கொத்து ஊசலாடும் இயல்புடையது. பத்துக் கொத்துகளைச் சுட்டால், அவற்றுள் ஒன்று சராசரியின் பாதி அளவில் அமைவது வியப்பன்று. பணப்பையில் மடித்து வைத்து நண்பர்களிடம் காட்டப்படும் தாள் பெரும்பாலும் அந்த ஒன்றுதான்.

‘அமெரிக்கன் ரைஃபிள்மேன்’ இதழ் தன் ஆய்வுகளில் ஐந்து குண்டுக் கொத்துகளை அடுத்தடுத்து ஐந்து முறை சுட்டுச் சராசரியை வெளியிடும் வழக்கமுடையது. ‘அடுத்தடுத்து’ என்பதே அதன் உயிர். நடுவிலுள்ள எதையும் ஒதுக்க இயலாது.

மேசைமேல் இவை வெறும் எண்கள். புல்வெளியில் அப்படியல்ல. கரும்வால் பிரெய்ரி நாய் ஒரு கிலோவை ஒட்டிய எடையுடைய அணில் குடும்பத்து விலங்கு. வளையின் வாயில் இரு காலில் நிமிர்ந்து நிற்கும். உடனே உயிர்போகும்படி அடிக்க வேண்டிய பகுதியை மூன்று அங்குல வட்டம் எனக் கொள்க. காற்றே இல்லை, சுடுபவரின் கையில் பிழையே இல்லை என்றும் கொள்க. மூன்று குண்டுகளில் உண்மையாகவே சராசரி ஓர் அங்குலம் காட்டும் துப்பாக்கி, 100 கஜத்தில் ஏறக்குறைய எல்லாக் குண்டுகளையும் அவ்வட்டத்துள் சேர்க்கும். 200 கஜத்தில் நூற்றுக்கு எண்பதை. 300 கஜத்தில் பாதியை மட்டுமே. அந்த ஓர் அங்குலம் சராசரியாக இல்லாமல், தேர்ந்தெடுத்துக் காட்டிய சிறந்த கொத்தாக இருந்து, மெய்ச்சராசரி ஒன்றரை அங்குலமானால், 300 கஜத்தில் அவ்வட்டத்துள் சேர்வது நூற்றுக்கு 28 மட்டுமே. எஞ்சியவற்றுள் சில மண்ணில் விழும். சில முதுகிலோ பின்னங்காலிலோ படும். அடிபட்ட விலங்கு வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். அதன் முடிவைச் சுட்டவர் காண்பதில்லை.

காற்றையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கடுமையாகும். மணிக்குப் பத்து மைல் வேகப் பக்கக்காற்று, .22-250 தோட்டாவின் வழக்கமான 55 கிரெயின் குண்டை 300 கஜத்தில் எட்டு முதல் பத்து அங்குலம் வரை தள்ளிவிடும். அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் அத்தகைய காற்று அன்றாடம் வீசுவது. கால் அங்குலத் துல்லியத்துக்காகப் பல்லாயிரம் ரூபாய்க்கு நிகரான டாலரைக் கூடுதலாகச் செலவிடும் ஒருவர், காற்றைக் கணிப்பதில் செய்யும் சிறு பிழையால் அந்த ஆதாயம் முழுவதையும் இழந்துவிடலாம்.

தொழிற்சாலைத் துப்பாக்கியின் வரம்புகள் மறைபொருளல்ல. தோட்டா உட்காரும் அறை, எந்தத் தொழிற்சாலையின் தோட்டாவும் தடையின்றிப் பொருந்துமாறு சற்றுத் தளர்வாகவே குடையப்படுகிறது. குழலின் வாய் ஒரு புறம் சிதைந்திருந்தாலோ, கட்டை குழலைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ, விசை கனத்திருந்தாலோ கொத்து அகலும். ஒரு துப்பாக்கிக்கு உகந்த தோட்டா அதே மாதிரியில் வந்த மற்றொன்றுக்கு உகப்பதில்லை. ஆகவே நான்கைந்து வகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்காமல் துப்பாக்கியைப் பழிப்பதோ புகழ்வதோ முறையன்று.

இவ்வெண்களைச் சுற்றி வளர்ந்திருக்கும் பேச்சு, மொழியியல் நோக்கில் எண்களைவிடச் சுவையானது. அமெரிக்கத் துப்பாக்கியாளரிடையே ஒரு தொடர் எங்கும் ஒலிக்கும்: என் பங்கை நான் ஒழுங்காகச் செய்தால் இது அரை அங்குலம் சுடும். இலக்கணத்தில் அது ஒரு நிபந்தனை வாக்கியம். பயனோக்கில் அது ஒரு கேடயம். அரை அங்குலம் வந்தால் துப்பாக்கியின் பெருமை. வராவிட்டால் நிபந்தனை நிறைவேறவில்லை என்று பொருள். எந்தத் தாளாலும் அவ்வாக்கியத்தைப் பொய்யாக்க முடியாது. அடக்கம் போலத் தோன்றும் அத்தொடர், அளவீட்டையே செயலிழக்கச் செய்துவிடுகிறது.

மற்றொரு சொல் ‘ஃப்ளையர்’. கொத்திலிருந்து விலகி விழுந்த குண்டுக்கு அப்பெயர்: ‘பறந்தது’. சுட்டவர் எழுவாயிலிருந்து நீங்கி, குண்டு தானே பறந்துவிட்டதாகிறது. தமிழிலும் ‘குறியைத் தவறவிட்டான்’ என்பதற்கும் ‘குறி தவறியது’ என்பதற்கும் இதே இடைவெளிதான். பெயர் சூட்டப்பட்ட பிறகு அக்குண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று மனம் முடிவு செய்துகொள்கிறது. சிதறலின் கணக்கிலோ அதுவும் மற்றவற்றைப் போன்ற ஒரு குண்டு. அந்தத் துப்பாக்கியும் அந்தக் கையும் என்ன செய்யக்கூடியவை என்பதற்கு அதுவும் சான்று.

பெயரிடும் ஆற்றல் குழலின் ஒரு முனையில் மட்டும் இருப்பதாகவும் சொல்வதற்கில்லை. வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான் ஸ்லோபோட்சிகாஃப், கன்னிசன் இனப் பிரெய்ரி நாய்களின் எச்சரிக்கைக் குரல்களைப் பல்லாண்டுகள் பதிவு செய்து ஆராய்ந்தார். பருந்து, கொயோட்டி, வீட்டு நாய், மனிதர் ஆகிய ஒவ்வொருவருக்கும் குரல் வேறுபடுகிறது. மனிதர் அணிந்த சட்டையின் நிறம் மாறினால் குரலின் ஒலியமைப்பும் மாறுகிறது என்று அவர் குழு காட்டியது. இதை மொழி எனலாமா என்பது அறிஞரிடையே வாதத்துக்குரியது. ஆயினும் வருபவர் எத்தகையவர் எனத் தன் கூட்டத்துக்கு அறிவிக்கும் ஓர் உயிர்தான் புழுவின் பெயரால் அழைக்கப்படுகிறது.

வேட்டை கூடுமா கூடாதா என்பது வேறொரு வழக்கு. தெற்கு டகோட்டாவின் மாட்டுப்பண்ணைக்காரருக்குப் புல்லே முதல்; அவர் தரப்பிலும் பேச உண்டு. ஆனால் சுடுவது என்று முடிவு செய்த பின்னர், எதிர்பார்ப்பு எதுவாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நேர்மையான விடை இருக்கிறது. பொருத்தமான தோட்டாவோடு, அடுத்தடுத்துச் சுட்ட ஐந்து குண்டுக் கொத்துகள் ஐந்தின் சராசரி 100 கஜத்தில் ஓர் அங்குலத்தை ஒட்டி அமைந்தால், அத்தொழிற்சாலைத் துப்பாக்கி தன் விலைக்கு உரியதைச் செய்துவிட்டது. காற்றில்லாத நாளில் அது 200 கஜத்தில் அந்த மூன்று அங்குல வட்டத்துள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் சேர்க்கும். 300 கஜத்தில் எழுபதைக்கூட எட்டாது.

எல்லாத் தாள்களையும் ஒதுக்காமல் சேர்த்து வைத்திருப்பவருக்கு இந்த எல்லை தெரியும். சிறந்த தாளை மட்டும் வைத்திருப்பவருக்குத் தெரியாது. துல்லியம் பற்றிய எண்ணின் முதன்மையான பயன், எந்தத் தொலைவுக்கு அப்பால் விசையைத் தொடக்கூடாது என்று சொல்வதே. அதற்கு உதவாத ஓர் அங்குலம், எவ்வளவு சிறிதாயினும், பெருமை பேசுவதற்கு மட்டுமே ஆகும்.