புகார் நோக்கி ஒரு நடை

சென்ற மாசித் திங்களில் ஒரு சனிக்கிழமை வைகறையில், யாமும் எம் நண்பரும் தரங்கம்பாடியினின்று காவிரிப்பூம்பட்டினம் நோக்கிக் கடற்கரை வழியே கால்நடையாய்ப் புறப்பட்டோம். கரையோரமாய் அளந்தால் ஏறத்தாழ 13 கிலோமீட்டரே தேறும். ஆயினும், அடியெடுத்து வைக்குந்தோறும் புதையும் மணலும், சுற்றிக்கொண்டு போகவேண்டிய கழிகளும் அவ்வழியை மும்மடங்காக்கிவிட்டன.

நண்பர் இயற்பியல் பயில்பவர். அக்கரையிலுள்ள மீனவர் ஊர் ஒன்றிற் பிறந்தவர். யாமோ தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர். விடுதியில் ஈராண்டாய் ஓரறையில் உடனுறைந்தும், அவர்தம் ஊரைப் பற்றி யாம் ஒருநாளும் வினவியதில்லை. நெய்தல் நிலத்தைப் பற்றி அவருக்கு யாம் பலமுறை விரிவுரை நிகழ்த்தியதுண்டு!

புறப்படுமுன் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். 1706இல் இக்கரையில் இறங்கிய சீகன்பால்கு ஐயர் அங்குத்தான் அடக்கம் பெற்றுள்ளார். அவர் திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு தாமும் ஒரு சிறுவராய் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பர். அதனை எண்ணி அன்று காலை யாம் பெருமிதமே கொண்டோம். வேறொன்றும் எமக்குத் தோன்றவில்லை.

1620இல் டேனியர் எழுப்பிய கோட்டையையும், கடலரிப்பிற் பெரும்பகுதி இழந்து நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலையும் கடந்து, குட்டியாண்டியூர்ப் பக்கம் நடக்கையில் ஞாயிறு எழுந்தது. மணல்மேட்டில் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. ஆட்டின் குளம்புபோல் நடுவே பிளந்த இலை. குதிரைக் கழுத்து மணியை ஒத்த ஊதாப்பூ. "இஃதென்ன கொடி?" என்றோம். "அடப்பங்கொடி," என்றார் நண்பர். யாம் நாணிப்போனோம். அடும்பு என்று ஏடெடுத்துப் படித்து, அதன் மலரைப் பற்றிப் பக்கம் பக்கமாய் வரைந்து மதிப்பெண்ணும் பெற்ற கொடி அது. காலடியிற் கிடந்தபோது கண்டுகொண்டிலோம். உள்ளங்காலிற் குத்திய புல்லுக்கு "இராவணன் மீசை" என்று பெயராம். இப்பெயர் எந்த நூலிலும் எம் கண்ணிற் பட்டதில்லை. வகுப்பிற் கற்றவற்றுள் ஒரு சொல்லேனும் அவர் வாயிற் கேளோமா என்று ஏங்கியிருக்க, பத்து மணியளவில் கீழ்காற்று எழுந்தது. "கொண்டல் வந்துவிட்டது," என்றார். எமக்கு உயிர் வந்தது.

நண்பரின் இல்லம் இப்போது கரையினின்று சற்று உள்ளே தள்ளி, சுனாமிக் குடியிருப்பில் உள்ளது. அவர் அன்னையார் சோறும் வஞ்சிரமீன் குழம்பும் இட்டு, எம் தட்டு ஒழியாவண்ணம் பார்த்துக்கொண்டார். சுவரில் ஒரு சிறுமியின் படம் மாலையுடன் இருந்தது. கண்டோம், வினவவில்லை. விடைபெறுங்கால் அவ்வம்மையார், "தம்பி, அலையோரம் போகாதே. மேட்டிலேயே நட. போய்ச் சேர்ந்ததும் சொல்லச் சொல்," என்றார். கடலையே நம்பி வாழும் குடியினர் இவ்வளவு அஞ்சுவரோ என்று எமக்குள் வியந்தோமேயன்றி, அதற்கு மேல் எண்ணவில்லை.

சின்னங்குடி கழிந்தது. வெயில் ஏறியது; வயிறு நிறைந்திருந்தது; புகார் நெருங்கிக் கொண்டிருந்தது. பேச வேறென்ன வேண்டும்? கரிகாலன் நகரின் மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் இன்னின்னவாறு இருந்தன என்று தொடங்கி, மணிமேகலைக்கு வந்து, "சோழ மன்னன் இந்திரவிழாவை மறந்தான், ஆகவே கடல் பொங்கி அந்நகரைக் கொண்டது. கடமை மறந்தாரைக் கடல் பொறுப்பதில்லை!" என்று கையை நீட்டி முழங்கினோம்.

நண்பர் நின்றுவிட்டார். சினந்தவராய்த் தோன்றவில்லை. கடலை நோக்கியவாறே, "எங்கள் ஊரார் எதனை மறந்தனர்?" என்றார்.

பின்னர் அவரே மெல்லச் சொன்னார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அவர் தமக்கைக்கு அப்போது ஏழு வயது. காலையில் கரையில் விளையாடச் சென்றவள். சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் பிளந்ததை இக்கரையில் அறிந்தார் எவருமிலர். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் மாண்டவர் ஏறத்தாழ 6,000 பேர். அவருள் அவளும் ஒருத்தி. அன்னையார் அதற்கு முன்னரே குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர். அவ்வாறு மக்களை இழந்த தாய்மாருக்கு மறு அறுவை இலவசமாய்ச் செய்ய அரசினர் ஏற்பாடு செய்தனர். "அதன் பின் பிறந்தவன் நான்," என்றார் நண்பர். "அக்காள் இருந்திருந்தால் நான் இல்லை. அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் இருவரையும் பார்க்கிறார். எனக்கு அது தெரியும்."

என்ன மறுமொழி கூறுவது? மன்னிக்க வேண்டினோம், அவர் கையமர்த்தி நடந்தார். வானகிரி வரையில் இருவரும் பேசவில்லை. அலையோசை ஒன்றே இருந்தது. அவ்வழியிற்றான் எமக்கு ஒன்று உறைத்தது. அம்மன்னன் விழாவை வறிதே மறந்தானல்லன். பீலிவளை ஈன்ற மகனை ஏற்றிவந்த கலம் கடலிற் கவிழ்ந்தது. குழந்தையைக் காணாது துயருற்றுத் தேடித் திரிந்தமையாலேயே விழாவை மறந்தான். இதனையும் அந்நூலே கூறுகிறது. யாமும் படித்திருந்தோம். "புகார் அழிந்தமைக்குக் காரணம் யாது?" என்னும் வினாவிற்கு "இந்திரவிழா மறந்தமை" என்பதே போதுமாதலின், மகனைத் தேடிய தந்தையை எம் குறிப்பேட்டில் யாம் எழுதிக்கொள்ளவில்லை. நண்பரிடம் இதனைச் சொன்னோம். அவர் நெடுநேரம் கழித்து, "அந்தக் குழந்தை கிடைத்ததா?" என்றார். "கிடைக்கவில்லை," என்றோம்.

மாலை நான்கு மணிக்குக் காவிரியின் கழிமுகத்தை அடைந்தோம். குடகிற் பிறந்து இத்துணைத் தொலைவு வந்த பேராறு அங்கே ஒரு வாய்க்காலளவினதாய்க் கடலோடு கலந்தது. சோழநாட்டுத் தமிழ் படித்தோர்க்கு அக்காட்சி தாங்கற்கரியது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எம்மிருவரையும் தம் ஃபைபர் படகிலேற்றி அக்கரையில் விட்டார். கூலி கொள்ள மறுத்து, "எந்த ஊர்ப் பிள்ளைகள்?" என்று மட்டும் வினவினார். நண்பர் தம் ஊரைச் சொன்னதும், பெரியவர் அவர் தோளில் ஒருமுறை கைவைத்து எடுத்தார்.

பூம்புகாரில் 1973இல் திறக்கப்பெற்ற சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் காண வேண்டுமென்பதே எம் பயணத்தின் நோக்கமாயிருந்தது. அதன் வாயிலருகே வந்தும் உள்ளே செல்ல மனம் ஒருப்படவில்லை. கரையில் அமர்ந்தோம். கிளிஞ்சல் கிழித்த எம் காலுக்கு நண்பர் தம் துண்டின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினார்.

இருள் கவியுமுன் அவர் கைப்பேசி ஒலித்தது. மறுமுனையில் அன்னையார்.

"சேர்ந்துவிட்டோம், அம்மா," என்றார் நண்பர். சிறிது கேட்டிருந்து, "இல்லை, மேட்டில்தான் இருக்கிறோம்," என்று சொல்லி எழுந்து நின்று, எம்மையும் கைதூக்கி எழுப்பி, சாலைப்பக்கம் அழைத்துக்கொண்டு நடந்தார்.