உப்புத் தண்ணி ஊரில் வாயும் வயிறுமாக

நான் பிறந்தது கும்பகோணம் பக்கம், அரசலாற்றங்கரை. வாழ்க்கைப்பட்டது வேதாரண்யம் பக்கம், உப்பளத்துக்குக் கிட்டே. இரண்டும் பழைய தஞ்சாவூர் ஜில்லாதான். ஆனால் தண்ணீர் என்று வந்துவிட்டால் இரண்டும் வேறு வேறு தேசம்! இங்கே பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காபிக்கு வைத்த பால் சொல்லாமல் கொள்ளாமல் திரிந்துபோகும். "பால் மேலே குத்தமில்லேம்மா, நம்ம ஊர்த் தண்ணி அப்படி" என்பார் மாமியார். இதெல்லாம் பழகிப்போகிற சமாசாரம். வயிற்றிலே பிள்ளையோடு இருப்பவள் இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

எங்களுக்குக் கொள்ளிடம் தண்ணீர் குழாயில் வருகிறது. வராத நாளில் கைபம்புதான். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது கரண்ட் போய், குழாயும் நின்றது. லாரித் தண்ணீர் வந்த நாள் போக மற்ற நாளெல்லாம் கைபம்பு. அந்தச் சமயம் என் நாத்தனார் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கால் வீங்கியது. பக்கத்து வீட்டுப் பாட்டி பார்லிக் கஞ்சி கொடுக்கச் சொன்னார். அந்தக் கஞ்சியையும் கைபம்புத் தண்ணீரில்தானே காய்ச்ச வேண்டும்!

ஒருநாள் விடியற்காலை, "அண்ணி, தலைவலி மண்டையைப் பிளக்குது. கண்ணு முன்னாடி பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு" என்றாள். முகமும் உப்பியிருந்தது. ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையம் போனோம். பி.பி. 150-க்கு 100. சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. கர்ப்பிணிக்கு 140-க்கு 90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டுமாம். விட்டால் வலிப்பு வரை போகும். தாய், பிள்ளை இரண்டு பேருக்கும் ஆபத்து. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாத்திரை, வாரா வாரம் சோதனை என்று ஒன்பதாம் மாதம் வரை நெஞ்சு படபடக்கக் காத்திருந்தோம். பெண் குழந்தை, 2 கிலோ 200 கிராம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாயாடி.

"இதுக்குப் பல காரணம் உண்டும்மா. தலைப்பிரசவமே ஒரு காரணம். தண்ணிதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னு கேட்டே ஆகணும்" என்றார் டாக்டரம்மா. அவர் சொல்லித்தான் வங்காள தேசத்து விஷயம் தெரிந்தது. அங்கே குல்னா மாவட்டத்தில் டாகோப் என்ற கடலோரப் பகுதி. கர்ப்பிணிகளுக்கு பி.பி. ஏறுவது மழைக்காலத்தைவிட மழையில்லாத வறண்ட மாதங்களில் அதிகமாக இருக்கிறதே என்று ஆராய்ந்தார்கள். 2011-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அந்த வறண்ட மாதங்களில் குடிதண்ணீர் வழியாக மட்டுமே ஒரு நாளைக்கு 5 முதல் 16 கிராம் சோடியம் உடம்புக்குள் போகிறது. பெரியவர்களுக்கே 2 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மழைத் தண்ணீர் குடித்தவர்களைவிடக் குழாய்க் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்குத் தொல்லை அதிகம் என்று பிறகு வந்த ஆய்வும் சொன்னது.

ஊறுகாயையும் கருவாட்டையும் ஒதுக்கச் சொல்லும் நாம், குடத்துக்குள் இருக்கிற உப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை, பாருங்கள்.

கடைமடையில் ஆற்றுத் தண்ணீர் குறைந்து, நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல் உள்ளே ஏறுகிறது. 2004 சுனாமியிலும் எத்தனையோ கிணறுகள் கரித்துப்போயின. தொண்ணூறுகளில் இறால் பண்ணைகளால் குடிதண்ணீர் கெடுகிறதென்று கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையாரோடு இந்தப் பக்கத்துப் பெண்கள் போராடினார்கள். அவர் கணவர் போட்ட வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ஒரு விஷயம் அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்புப் போகாது; வற்ற வற்றக் கரிப்புக் கூடத்தான் செய்யும். படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைக்கும், அவ்வளவே. குழாய்த் தண்ணீர், சுத்தமாகப் பிடித்து மூடிவைத்த மழைத் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் இவைதான் வழி. எல்லோருக்கும் வாங்கக் கட்டுப்படியாகாதா? பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டுமாவது, குடிக்கவும் கஞ்சி வைக்கவும் தனியாக எடுத்துவையுங்கள். செக்கப்புக்குப் போகும்போது எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். கொடுக்கிற கால்சியம் மாத்திரையைப் பரணில் போடாதீர்கள், பி.பி. ஏறாமலிருக்க அதுவும் ஒத்தாசை.

எங்கள் வீட்டில் இப்போது ஓரகத்தி மகள் முழுகாமல் இருக்கிறாள். நல்ல தண்ணீருக்கென்று மூடி போட்ட எவர்சில்வர் குடம் ஒன்று தனியாக. வெயிலில் வந்த என் வீட்டுக்காரர் அதில் ஒரு டம்ளர் மொள்ளப் போனார். "அது புள்ளத்தாச்சி தண்ணிடா, வைடா கீழே!" என்று மாமியார் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.