தேக்குத் தூள்

என் அடுக்குமாடி வீட்டின் மரத்தரை மங்கிப்போயிருந்தது. தேய்த்துப் பாலிஷ் போட்டால் பழைய பளபளப்பு வந்துவிடும் என்று நினைத்து, நண்பர் ஒருவர் சொன்ன மேஸ்திரியை அழைத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, விரல் முட்டியால் தரையை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். "சார், இது மரம் இல்ல. மரத்தோட படம். உப்புத்தாள் போட்டா படம் போயிடும், அடியில அமுக்கின மரத்தூள் அட்டைதான் வரும்" என்றார். வந்து போனதற்கு ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. எனக்கு அதை விற்ற கடைக்காரர் மரம் என்றுதான் சொல்லியிருந்தார். வாசலில் நின்று மேஸ்திரி, "நிஜமான மரத்தரை வேலை வந்தா சொல்றேன், வந்து பாருங்க" என்றார். பிப்ரவரியில் கூப்பிட்டார்.

ரிச்மண்ட் டவுனில், இருபுறமும் அடுக்குமாடிகள் நெருக்கிக்கொண்டு நிற்க நடுவில் மிஞ்சியிருக்கும் ஒரு பழைய பங்களா அது. முகப்பில் 'மங்கி டாப்' என்று பெங்களூரில் சொல்வார்களே, அந்தக் கூம்பு வடிவ மரப் பின்னல் இன்னும் இருந்தது. கீழ்த்தளம் முழுக்கச் சிவப்பு ஆக்சைடு. மாடிக் கூடம் மட்டும் மரம்: தேக்கு விட்டங்களின்மேல் ஒரு அங்குல கனத்தில் தேக்குப் பலகைகள், சுமார் 200 சதுர அடி. கான்கிரீட் வருவதற்கு முன் இப்படி மர விட்டங்களை வைத்து மாடி எழுப்பப் பொதுவாக இரண்டு வழிகள் இருந்தன. விட்டங்களின்மேல் செங்கல்லையும் சுண்ணாம்பையும் பரப்பி மெட்ராஸ் டெரஸ் போடலாம், அல்லது பலகை அடிக்கலாம். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் கீழ்த்தளத்தில் கரையானும் ஈரமும் மரத்தை விட்டுவைக்காது என்பதால், இந்த ஊரின் பழைய மரத்தரைகள் பெரும்பாலும் மாடியில்தான் இருக்கின்றன. கோட்டைப் பக்கம் 1791இல் கட்டிமுடிந்த திப்புவின் கோடை அரண்மனையே தேக்குத் தூண்களின்மேல் நிற்கிறது. எம்.ஜி. ரோட்டில் 1883இல் திறந்த மேயோ ஹாலின் மேல்தளத்தில், இப்போது கெம்பேகவுடா அருங்காட்சியகம் இருக்கும் பகுதியில், மரத்தரையைப் பார்க்கலாம்.

முதல் நாள் மாலை மறுபடி மாடிப்படி ஏறும்போதே வாசனை வந்துவிட்டது. தோலும் எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு மணம். கூடத்தின் நடுவில் குந்தியிருந்த மேஸ்திரி தலையைத் தூக்கினார். புருவம், காதுமடல், கழுத்து மடிப்பு எல்லாம் ஒரே காவி நிறம். ஒரு சிட்டிகைத் தூளை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"மோந்து பாருங்க. தேக்குன்னா இப்படித்தான் இருக்கும். விரல்ல தேய்ச்சா லேசா வழவழங்கும். ஈட்டின்னா தூள் ஊதா கலந்து வரும், பலாமரம்னா மஞ்சள். எந்த மரம்னு பலகையைப் பார்த்து ஏமாந்துடலாம் சார், தூள் ஏமாத்தாது."

அவருடைய தாத்தா தருமபுரிப் பக்கத்திலிருந்து 'தண்டு'க்கு, அதாவது ஆங்கிலேயர் 1809இல் அமைத்த கண்டோன்மெண்டுக்கு, நாற்காலி பாலிஷ் போட வந்தவர். மூன்றாவது தலைமுறையாக இதே வேலை. மகன் இந்த வேலைக்கு வரவில்லை. உடன் இருந்த இரண்டு இளைஞர்கள் கோரக்பூர்ப் பக்கத்துக்காரர்கள். மேஸ்திரி அவர்களிடம் இந்தியில் அதட்டுவார், வீட்டுக்கார அம்மாவிடம் தமிழில் பணிவார், கீழே லாரிக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசுவார்.

அன்று காலை முழுக்க அவர்கள் இயந்திரத்தைத் தொடவில்லை. முதல் வேலை ஆணி. காலப்போக்கில் பலகை தேய்ந்து ஆணித் தலைகள் மேலே எட்டிப்பார்க்கும். ஒவ்வொன்றையும் உளிபோன்ற ஒரு கம்பியை வைத்துத் தட்டிப் பலகைக்குள் இறக்க வேண்டும். ஒரு ஆணி விட்டுப்போனாலும் தாள் கிழியும். அதைவிட மோசம், பொறி பறந்து தூள் பைக்குள் போய்விடும். 200 சதுர அடிக்கு ஆணி தேடவே இரண்டு மணி நேரம் ஆனது. உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே போனார்கள், கண்ணை நம்பவில்லை.

பிறகு பழைய பூச்சு என்ன என்று பார்க்க வேண்டும். ஒரு ஓரத்தில் இரண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டு மேஸ்திரி விரலால் தேய்த்தார். பிசுபிசுத்தது. "அரக்கு." குசும், பலாசு மரக் கொப்புகளில் ஒரு சிறு பூச்சி சுரந்து வைக்கும் பிசின்தான் அரக்கு, அதை ஸ்பிரிட்டில் கரைத்தால் பிரெஞ்சு பாலிஷ். பெயர்தான் பிரெஞ்சு, சரக்கு நம்முடையது. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் அரக்குக்கென்றே 1924இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். நாற்காலிக்கு அரக்கைப்போல் ஒரு பூச்சு இல்லை என்பது மேஸ்திரியின் கட்சி. தரைக்கு அது தாங்காது. ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

மதியம்தான் இயந்திரம் பேச ஆரம்பித்தது. நின்றுகொண்டே தள்ளும் பெரிய டிரம் இயந்திரம் அந்தக் குறுகலான மாடிப்படியில் ஏறாது. கையில் பிடிக்கும் பெல்ட் சாண்டர்தான். அதற்கு முன் மேஸ்திரி தரை முழுக்கப் பென்சிலால் குறுக்கே கோடு கிழித்தார். எனக்கு முதலில் புரியவில்லை. தேய்க்கத் தேய்க்க மேட்டில் இருக்கும் கோடு அழியும், பள்ளத்தில் இருப்பது மிஞ்சும். எல்லாக் கோடும் அழிந்த கணத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் எடுக்கும் ஒவ்வொரு இழையும் வீண் என்றார்.

"ஒரு அங்குலப் பலகைன்னு பேரு. ஆனா பலகையோட பலகை கோத்திருக்கிற காடிக்கு மேல இருக்கிறது கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் நமக்குக் கொடுத்திருக்கிறது. எனக்கு முன்னாடி ரெண்டு பேர் தேய்ச்சிருக்காங்க. எனக்கு அப்புறமும் ஒருத்தன் தேய்க்கணும் இல்லையா?"

பெல்ட் சாண்டரை ஓடவிட்டு, அது நகரும்போதே தரையில் இறக்க வேண்டும், நகரும்போதே தூக்க வேண்டும். ஒரு நொடி ஒரே இடத்தில் நின்றால் குழி விழுந்துவிடும். அந்தக் குழி அப்போது தெரியாது. பூச்சு காய்ந்து, சாயங்கால வெயில் சாய்வாக விழும்போதுதான் அலை அலையாகக் காட்டிக்கொடுக்கும். அதனால் பகலிலேயே ஜன்னலைச் சாத்தி, டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். முதலில் 40ஆம் எண் தாள், பிறகு 60, 80, கடைசியில் 120. எண் ஏற ஏற மணல் பொடிசாகும். 40இலிருந்து நேரே 120க்குத் தாவினால் நேரம் மிச்சமாகும், ஆனால் 40 போட்ட கீறல் அப்படியே உள்ளே இருக்கும். இயந்திரம் எப்போதும் மர ரேகையின் போக்கிலேயே போக வேண்டும். தேக்குக்குள் இயற்கையாகவே மணற்சத்து உண்டு. உளியும் இழைப்புளியும் அதில் சீக்கிரம் மழுங்கும்; உப்புத்தாளும் அப்படித்தான். அன்று மாலைக்குள் எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடையில் வாங்கிவந்த பெல்ட்டுகளில் பாதி தீர்ந்துவிட்டன.

மூலைகளுக்கு இயந்திரம் போகாது. அங்கே மேஸ்திரியே உட்கார்ந்தார். கையில் உடைந்த ஹேக்ஸா பிளேடு. அதைச் சற்றே வளைத்து இழுத்தால் சுருள் சுருளாக மெல்லிய சீவல் வந்தது. அவர் அப்பா ஜன்னல் கண்ணாடித் துண்டால் இதைச் செய்வாராம். மூன்று நாள் வேலையில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். இயந்திரத்தின் தூள் பறக்கிறது. இந்தச் சீவல் விழுந்த இடத்தில் கிடக்கிறது.

பறக்கிற தூளைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன்.

முதல் நாள் மூன்று பேரில் ஒருவர் கைக்குட்டை கட்டியிருந்தார். மற்ற இருவர் எதுவும் கட்டவில்லை. ஜன்னல் கம்பிகளுக்கிடையே வெயில் வந்த இடத்தில் காற்றே பழுப்பாகத் தெரிந்தது. அங்கே ஒரு மணி நேரம் நின்ற எனக்கு இரவு முழுக்கத் தும்மல். மூக்கைச் சிந்தினால் காவி. தேக்கைக் கரையானிடமிருந்து காப்பாற்றுவதில் அதன் எண்ணெய்ச் சத்துக்களுக்குப் பங்குண்டு. அதே மரத்தில் இருக்கும் லபச்சோல் போன்ற பொருள்கள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குகின்றன. இளைஞர்களில் ஒருவனின் முழங்கை மடிப்பு சிவந்து கிடந்தது. "ஆதத் ஹோ ஜாத்தா ஹை" என்றான், பழகிவிடும் என்று.

பழகுவதில்லை. இங்கிலாந்தில் ஹை விகம்ப் என்ற ஊர் நாற்காலிக்குப் பேர்போனது. அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்டு, மூக்கினுள் வரும் அரிதான ஒரு புற்றுநோய் தன்னிடம் வரும் மரச்சாமான் தொழிலாளிகளிடம் திரும்பத் திரும்பத் தென்படுவதைக் கவனித்தார். அவரும் அச்செசன் உள்ளிட்ட சக மருத்துவர்களும் 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்தது. புகையிலைப் புகை இருக்கும் அதே பிரிவு. ரிச்மண்ட் டவுனில் குந்தி உட்கார்ந்திருந்த மூவரிடமும் இதை யாரும் சொன்னதில்லை. நான் சொன்னபோது மேஸ்திரி இயந்திரத்தை அணைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு, "தாத்தா இருமி இருமித்தான் போனாரு. பீடின்னு நெனைச்சோம்" என்றார். எதனால் என்று இனி யாருக்கும் தெரியாது.

சுவரோரச் சட்டத்தில் பழைய வெள்ளைப் பெயிண்ட் இருந்தது. அதையும் சேர்த்துத் தேய்த்துவிடச் சொல்லியிருந்தார் வீட்டுக்கார அம்மா. அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, சொன்னால் கேட்டுக்கொள்கிறவர். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டைக் காய்ந்தபடி தேய்த்தால் ஈயம் தூளாகப் பறக்கலாம். குழந்தைகளுக்கு அது மூளையைப் பாதிக்கும் நஞ்சு. அவர் வீட்டுக்கு விடுமுறையில் பேத்தி வருவாள். நான் இதைச் சொன்னதும், "அப்ப அதைத் தொடாதீங்க மேஸ்திரி, மேல இன்னொரு கோட் அடிச்சுடுங்க" என்று முடித்துவிட்டார்.

இரண்டாம் நாள் காலையில் அந்த அம்மாவே மருந்துக்கடையிலிருந்து என்95 முகக்கவசம் ஒரு பெட்டி வாங்கிவைத்திருந்தார். மேஸ்திரி ஒரு நண்பரிடமிருந்து தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை நாள் வாடகைக்குக் கொண்டுவந்து, அதன் குழாயை பெல்ட் சாண்டரின் பின்வாயில் துணியும் டேப்பும் சுற்றிப் பொருத்தினார். கூடத்துக் காற்று அன்று தெளிவாக இருந்தது. இப்படி ஒரு நாளில் முடிகிற காரியத்தை இத்தனை வருஷம் ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். அவர் கணக்கு நேரானது. சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வாடகை இயந்திரத்தைச் சேர்த்துச் சொன்னால், சேர்க்காமல் சொல்கிற அடுத்த ஆளிடம் வேலை போய்விடும்.

இவர்களைக் கவனிக்க அமைப்பே இல்லாமலில்லை: கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய நலவாரியம் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை செய்தவர் பதிந்துகொள்ளலாம். மேஸ்திரியிடம் அதன் பதிவு அட்டை உண்டு, இளைஞர்களிடம் இல்லை.

இடைவெளிகளை அடைக்கவும் தூள்தான் பயன்பட்டது. 120ஆம் எண் தாளிலிருந்து வந்த பொடியை மட்டும் தனியாகச் சேர்த்துவைத்திருந்தார்கள். அதைப் பிசினோடு குழைத்து ஆணிக் குழிகளிலும் கீறல்களிலும் பட்டி பார்த்தால், அதே பலகையின் நிறத்தில் மறைந்துவிடுகிறது. பலகைக்குப் பலகை இருக்கும் பெரிய இடுக்குகளை மேஸ்திரி அடைக்கவில்லை. ஏப்ரலில் மரம் சுருங்கும், ஆகஸ்டு ஈரத்தில் உப்பும். இறுக்கி அடைத்தால் பலகை மேலெழும்பும். மழைக்காலத்தில் அவர் பூச்சு வேலையை ஒப்புக்கொள்வதே இல்லை. மூன்று கோட் பி.யூ. (பாலியூரிதேன்) பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே லேசாக ஒரு தேய்ப்பு. கடைசி கோட் காய்ந்ததும் அந்த அம்மாவிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: வேலைக்காரம்மா வாளியும் மாப்பும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வரவே கூடாது. நம் வீடுகளில் தரை என்றால் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் வழக்கம். மரத்தரையைக் கெடுப்பதும் அதுதான். பிழிந்த துணி போதும்.

ஒவ்வொரு மாலையும் தூள் சாக்கின் வாயைக் கட்டி வெளியே திறந்த முற்றத்தில், சுவரைத் தொடாமல் வைத்தார்கள். பூச்சும் எண்ணெயும் கலந்த தூள் மூட்டைக்குள் தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மைசூர் அரசு 1938இல் தொடங்கிய வன ஆராய்ச்சிக் கூடத்தின் வழிவந்தது. உங்கள் வீட்டுப் பலகை என்ன மரம் என்று தெரியாவிட்டால், ஒரு துண்டைக் கொடுத்து அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தரை மரமா, படமா என்று அறிய மேஸ்திரியின் விரல் முட்டி போதும்.

கடைசி நாள் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்கவில்லை என்றார் மேஸ்திரி. 200 சதுர அடிக்கு அதுவே ஆறு கிலோ தூள். உங்கள் வீட்டில் இந்த வேலை வைக்கும்போது, தூசி உறிஞ்சியின் வாடகையையும் மூன்று பேருக்கான முகக்கவசத்தையும் கூலிக்கு வெளியே உங்கள் செலவாக எழுதுங்கள். அதைச் சேர்க்காமல் குறைத்துச் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.